வீட்டுக் கூரைக்கான சூரியத் தகடுகள்: வகைகளும் அவை வந்த வழியும்

சூரியத் தகடு என்பது சூரிய ஒளியை நேரடியாக மின்சாரமாக மாற்றும் மின்கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து, கண்ணாடிக்கு அடியில் வைத்து மூடிச் சட்டமிட்ட பலகை ஆகும். சோலார் பேனல் என்ற பெயரே பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. சிறிய வீடு ஒன்றுக்கு இதை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்கும் சொற்கள் மோனோ, பாலி, தின் ஃபிலிம் என்பவை. தமிழில் இவற்றை ஒற்றைப்படிகத் தகடு, பல்படிகத் தகடு, மென்படலத் தகடு எனலாம். இவற்றுள் எது நல்லது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை இருந்திருக்கிறது. 2005-இல் சரியாக இருந்த விடை இன்று தவறு. ஆனால் பழைய விடைகள் இன்னும் பல இடங்களில் சொல்லப்பட்டு வருகின்றன. 25 ஆண்டுகள் கூரையில் இருக்கப்போகும் ஒரு பொருளை அத்தகைய பழைய விடையை நம்பி வாங்கினால் இழப்பு சிறியதன்று.

இந்த வகைகளில் எதுவும் வீட்டுக் கூரைக்கென்று பிறந்ததன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தொலைபேசிக் கம்பி, செயற்கைக்கோள், கடலில் நிற்கும் எண்ணெய் மேடை, சட்டைப்பைக் கணிப்பான் ஆகியவற்றின் தேவைக்காக வளர்ந்தவை பின்னர் கூரைக்கு வந்து சேர்ந்தன. வரும்போது தம் பழைய வேலையின் அடையாளங்களையும் கொண்டு வந்தன.

செலினியத்திலிருந்து சிலிக்கனுக்கு

ஒளி பட்டால் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1839-இல் பிரான்சு நாட்டின் எட்மண்ட் பெக்கரல் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. 1873-இல் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் பணியில் இருந்த வில்லோபி சுமித், செலினியத்தின் மின்கடத்தும் தன்மை ஒளியில் மாறுவதைக் கவனித்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆடம்ஸ், டே என்னும் இருவர் செலினியம் ஒளியிலிருந்து மின்சாரத்தையே தருவதைக் காட்டினர். 1883-இல் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் ஃபிரிட்ஸ், உலோகத் தட்டின் மேல் செலினியத்தைப் பூசி, அதன் மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய பொன்தாளைப் பதித்து முதல் திண்மச் சூரிய மின்கலத்தைச் செய்தார். அதன் மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாக மாறவில்லை. இந்தப் பங்கையே செயல்திறன் என்கிறோம். கட்டுரையின் எஞ்சிய பகுதியில் அடிக்கடி வரும் சொல் இது.

ஒற்றைப்படிகத் தகட்டின் வேர் சூரியனோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வில் இருக்கிறது. போலந்து நாட்டவரான யான் சோக்ரால்ஸ்கி பெர்லினில் உலோகங்கள் படிகமாகும் வேகத்தை ஆராய்ந்து வந்தார். 1916-இல் ஒரு நாள் பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பதற்குப் பதிலாக உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டார் என்றும், வெளியே எடுத்தபோது முனையில் மெல்லிய இழை ஒன்று தொங்கியது என்றும் சொல்லப்படுகிறது. அந்த இழை ஒரே படிகமாக இருந்தது. உருகிய பொருளில் ஒரு விதைப் படிகத்தைத் தொடவைத்து, மெல்லச் சுழற்றி மேலே இழுத்தால் முழுப் பாளமும் ஒரே படிகமாக வளரும் என்னும் முறை இப்படிப் பிறந்தது. இன்று உலகில் செய்யப்படும் ஏறக்குறைய எல்லா ஒற்றைப்படிகத் தகடுகளும் இந்த முறையில் இழுத்த சிலிக்கன் பாளங்களிலிருந்தே வருகின்றன.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1940-இல் ரஸ்ஸல் ஓல், விரிசல் விட்ட ஒரு சிலிக்கன் துண்டின் மீது ஒளி விழுந்தபோது எதிர்பாராத மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். விரிசலின் இரு பக்கமும் வெவ்வேறு மாசுகள் கலந்திருந்ததே காரணம். ஒரு பக்கம் எதிர்மின்னிகள் மிகுந்த என் வகைச் சிலிக்கன். மறுபக்கம் அவை குறைந்த பி வகைச் சிலிக்கன். இவை சேரும் சந்தியே சூரிய மின்கலத்தின் உயிர்.

அதே ஆய்வகத்தில் 1950-களின் தொடக்கத்தில் டேரில் சாப்பினுக்கு ஒரு சிக்கல் தரப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் தொலைபேசிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த உலர் பேட்டரிகள் விரைவில் கெட்டுப்போயின. மாற்று வழி வேண்டும். சாப்பின் முதலில் செலினியத்தை முயன்று சோர்ந்தார். சிலிக்கனில் வேலை செய்துகொண்டிருந்த ஜெரால்டு பியர்சனும் கால்வின் ஃபுல்லரும் துணை வந்தனர். 1954 ஏப்ரல் 25 அன்று மூவரும் செய்த மின்கலம் உலகுக்குக் காட்டப்பட்டது. அது ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுழற்றியது. செயல்திறன் சுமார் 6 விழுக்காடு. சூரியத் தகட்டுக்கான முதல் தேடலே வெப்ப நாட்டுப் புழுக்கத்தை முன்னிட்டு எழுந்தது என்பது நம் நாட்டு வாசகர் நினைவில் வைக்கத்தக்கது.

விலைதான் தடை. 1956-இல் ஒரு வாட் தரும் மின்கலத்துக்கு 286 டாலர் ஆயிற்று. ஒரு வீட்டுக்குத் தேவையான மின்சாரத்தை இவ்வாறு பெற 14,30,000 டாலர் வேண்டும் என்று சாப்பின் கணக்கிட்டார்.

விண்வெளி விட்டுச்சென்ற வழக்கம்

அந்த விலையைக் கொடுக்கக் கூடியது விண்வெளித் துறை மட்டுமே. 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு 1 செயற்கைக்கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பேட்டரியால் இயங்கியது அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஓய்ந்தது. சூரிய மின்கலத்தால் இயங்கியது 1964 மே வரை பேசிக்கொண்டிருந்தது. அதன் பிறகு சூரிய மின்கலம் இல்லாத செயற்கைக்கோள் அரிதாயிற்று. 1975-இல் இந்தியா அனுப்பிய ஆரியபட்டாவின் உடலும் சூரிய மின்கலங்களால் போர்த்தப்பட்டிருந்தது.

இக்காலத்தில் நடந்த ஒரு மாற்றம் பொதுவாகப் பேசப்படுவதில்லை. 1954-இன் பெல் மின்கலத்தில் அடித்தளம் என் வகைச் சிலிக்கன். அதன் மேற்பரப்பில் போரானைச் செலுத்தி மெல்லிய பி அடுக்கை உண்டாக்கியிருந்தார்கள். விண்வெளியில் கதிர்வீச்சு இத்தகைய மின்கலங்களை விரைவில் நலிவுறச் செய்தது. அடித்தளத்தைப் பி வகையாக மாற்றினால் கதிர்வீச்சை அதிக நாள் தாங்கும் என்று 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரிந்தது. 1962-இன் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் இம்மாற்றத்துடன் சென்றது. ஆலைகள் அனைத்தும் பி வகைக்குப் பழகின. பின்னர் மின்கலங்கள் பூமிக்கு இறங்கியபோதும் அந்தப் பழக்கம் மாறவில்லை. வீட்டுக் கூரையில் விண்வெளிக் கதிர்வீச்சு இல்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் கூரைத் தகடுகள் பி வகையிலேயே செய்யப்பட்டு வந்தன. இன்று என் வகை என்று புதுமையாக விளம்பரம் செய்யப்படுவது ஒருவகையில் 1954-க்குத் திரும்பியதே.

ஒதுக்கப்பட்ட சில்லுகளும் சதுரப் பாளங்களும்

பூமியில் விற்கும் விலைக்குத் தகட்டைக் கொண்டுவந்தவர்களில் எலியட் பெர்மன் முக்கியமானவர். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் 1973-இல் தொடங்கிய சோலார் பவர் கார்ப்பரேஷனில், மின்னணுத் துறை குறையுள்ளவை என்று ஒதுக்கிய சிலிக்கன் சில்லுகளை மலிவாக வாங்கினார். மேற்பரப்பைப் பளபளப்பாக்கும் வேலையையும் விட்டார். வாட் ஒன்றுக்கு 100 டாலராக இருந்த விலை 20 டாலர் ஆயிற்று. முதல் பெரிய வாடிக்கையாளர்கள் வீட்டுக்காரர்கள் அல்லர். கடலில் நின்ற எண்ணெய் மேடைகளில் கப்பல்களுக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டியிருந்தது. அதற்கே அவை போயின. எண்ணெய்க்கு மாற்று என்று இன்று சொல்லப்படும் பொருள் எண்ணெய் நிறுவனங்களின் தயவில் வளர்ந்தது.

இழுத்து வளர்த்த பாளம் உருளை வடிவானது. எனவே பழைய தகடுகளில் மின்கலங்கள் அப்பளம் போல வட்டமாக இருந்தன. இடையில் இடம் வீணாயிற்று. பின்னர் வட்டத்தின் நான்கு பக்கங்களைச் சீவிச் சதுரமாக்கினர்; மூலைகள் மட்டும் மழுங்கி நின்றன. மூலை மழுங்கியிருந்தால் மோனோ என்று கடைகளில் சொல்லும் அடையாளம் இதிலிருந்து வந்தது. இப்போது பெரிய பாளங்களிலிருந்து வெட்டுவதால் மூலை மழுக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அந்த அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது. சீரான கருமை மோனோவையும், சிதறிய நீலத் திட்டுகள் பாலியையும் காட்டும்.

பல்படிகம் பிறந்ததும் 1970-களில்தான். அமெரிக்காவில் சோலரெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் லிண்ட்மேயர் முதலானோர், சிலிக்கனை உருக்கிச் சதுர அச்சில் ஊற்றி மெல்லக் குளிர வைத்தனர். பாளம் பல சிறு படிகங்களாக உறைந்தது. படிகங்கள் சேரும் எல்லைகளில் எதிர்மின்னிகள் சிக்கிக்கொள்வதால் செயல்திறன் சற்றுக் குறையும். ஆனால் உலை எளிது, மின்செலவு குறைவு, சதுரப் பாளத்தில் கழிவும் குறைவு. பாலி மலிவு, மோனோ உயர்வு என்னும் பெயர் அன்று உண்மையின் அடிப்படையில் ஏற்பட்டது.

ஒரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடலாம். பாலிசிலிக்கன் என்பது தூய்மையாக்கிய மூலப்பொருளின் பெயர். மோனோ, பாலி இரண்டுக்கும் அதுவே கச்சாப்பொருள்.

கணிப்பானிலிருந்து கென்யாவின் குடிசைக்கு

மென்படலத்தின் வழி வேறு. 1976-இல் ஆர்சிஏ ஆய்வகத்தில் டேவிட் கார்ல்சனும் கிறிஸ்டோபர் ரான்ஸ்கியும் படிக ஒழுங்கே இல்லாத சிலிக்கனைக் கண்ணாடியின் மேல் மிக மெல்லியதாகப் படியவைத்து மின்கலம் செய்தனர். செயல்திறன் 2.4 விழுக்காடு. அடுத்த ஆண்டே ஸ்டேப்லரும் ரான்ஸ்கியும் அதன் குறையையும் கண்டனர்: வெயிலில் வைத்த முதல் சில மாதங்களில் அதன் திறன் இறங்கி, பின்னரே ஒரு நிலையில் நிற்கும். அறை விளக்கின் மங்கிய ஒளியிலும் வேலை செய்ததால் ஜப்பானிய நிறுவனங்கள் அதைக் கணிப்பான்களில் வைத்தன. பேட்டரி மாற்றத் தேவையில்லாத அந்தக் கணிப்பான்களைப் பயன்படுத்திய தலைமுறை அறியாமலே மென்படலத்தைக் கையில் வைத்திருந்தது.

சிறிய வீட்டுக்குத் தகடு தேர்ந்தெடுப்பதில் உலகுக்கே பாடமான நாடு கென்யா. 1984-இல் மெரு நகருக்கு அருகிலுள்ள கரமுகி உயர்நிலைப் பள்ளிக்கு விளக்கு வேண்டியிருந்தது. டீசல் ஜெனரேட்டர் வாங்கும் பேச்சு நடந்தது. அங்கே தன்னார்வ ஆசிரியராக இருந்த மார்க் ஹாங்கின்ஸும் பொறியாளர் ஹரால்டு பரிஸும் அதற்குப் பதிலாகச் சூரியத் தகடுகளை நிறுவினர். முதலில் பள்ளியில் எரிந்த விளக்கைப் பார்த்து ஆசிரியர்கள் தங்கள் வீடுகளுக்குக் கேட்டனர். பிறகு காப்பி, தேயிலை விளைவிக்கும் குடும்பங்கள் கேட்டன. அரசு மானியம் பெரிதாக இல்லாமலே கடைகளில் கைமேல் காசு கொடுத்து வாங்கும் சந்தை உருவாயிற்று. 1990-களில் அதிகம் விற்றவை 12 வாட் அளவிலான ஒழுங்கற்ற சிலிக்கன் மென்படலத் தகடுகள். ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கும் இரண்டொரு விளக்குக்கும் அவை போதும். ஒற்றைப்படிகத்தைவிட விலை குறைவு என்பதே அவற்றின் ஈர்ப்பு.

பல வணிகப் பெயர்களில் விற்ற அத்தகடுகளை 1990-களின் இறுதியில் ஆய்வாளர்கள் வீடுகளிலும் சோதனைக் களத்திலும் அளந்து பார்த்தனர். சில, ஒட்டுத்தாளில் எழுதிய அளவுக்கு அருகில் மின்சாரம் தந்தன. சில அதற்கு மிகத் தாழ்ந்து கிடந்தன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன. பல மாத வருமானத்தைச் சேர்த்து வாங்கிய குடும்பத்துக்கு, தொலைக்காட்சி இரவு ஏழு மணிக்கே அணைந்தால் குறை தகட்டிலா பேட்டரியிலா என்று அறிய வழியில்லை. முதல் நாள் திறனை எழுதுவதா, இறங்கி நின்ற பிறகான திறனை எழுதுவதா என்பதை விற்பவர் நேர்மைக்கு விட்டிருந்ததே வேர்க் காரணம். மென்படலம் கெட்டது என்பது இதன் பொருளன்று. நேர்மையாக எழுதப்பட்ட மென்படலத் தகடுகள் விலைக்கேற்ற வேலையைச் செய்தன. வகையின் பெயரைவிட ஒட்டுத்தாளின் உண்மை பெரிது என்பதே அங்கே தெரிந்தது.

மென்படலத்தில் மற்றொரு கிளை காட்மியம் டெல்லுரைடு. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், டொலீடோ நகரின் கண்ணாடித் தொழிலிலிருந்து வந்த ஹரால்டு மெக்மாஸ்டரின் முயற்சி பின்னர் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனமாக வளர்ந்தது. அதன் தகடுகள் இன்று 18, 19 விழுக்காடு செயல்திறனை எட்டியுள்ளன. திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் அந்நிறுவனத்தின் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டாலும் அத்தகடுகள் பெரும்பாலும் பெரிய மின்நிலையங்களுக்கே செல்கின்றன. வீட்டுக்கு ஆறு தகடு வேண்டும் என்று கேட்பவரின் கைக்கு வருவது அரிது. செம்பு, இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த இன்னொரு கிளையை நம்பிய சோலிண்ட்ரா நிறுவனம், 53.5 கோடி டாலர் அரசு உத்தரவாதக் கடன் பெற்றும் 2011-இல் திவாலாயிற்று. சிலிக்கன் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற கணக்கில் தொடங்கிய நிறுவனம் அது. சிலிக்கன் விலையோ சரிந்தது.

கூரைகளைத் தேடி வந்த அரசுகள்

வீட்டுக் கூரை என்னும் சந்தையை உண்டாக்கியவை இரண்டு அரசுகள். ஜெர்மனி 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டத்தையும், ஜப்பான் 1994-இல் வீட்டுக் கூரைகளுக்கான மானியத்தையும் தொடங்கின. 2000-இல் ஜெர்மனி இயற்றிய சட்டம், கூரையில் விளைந்த மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் வாங்க வேண்டும் என்றது. தேவை திடீரென்று பெருகியது. 2008-இல் பாலிசிலிக்கன் கிலோ 400 டாலரைத் தாண்டியது.

அந்தத் தேவையைச் சீனா நிறைவேற்றியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனிடம் ஆய்வு மாணவராக இருந்த ஷி செங்ரோங் 2001-இல் ஊஷி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். அதைப் பின்பற்றிப் பல ஆலைகள் எழுந்தன. சன்டெக்கின் ஊஷி ஆலை 2013-இல் திவாலானது என்றாலும், எழுந்த தொழில் நிற்கவில்லை. விரைவாகப் பெருக்க எளிதாக இருந்ததால் ஆலைகள் பலவும் பல்படிகத்தையே தேர்ந்தன. 2010-களின் நடுவில் உலகில் விற்ற தகடுகளில் பாதிக்கு மேல் பாலி. தமிழ்நாட்டு வீடுகளில் அக்காலத்தில் ஏறிய தகடுகள் பெரும்பாலும் நீலமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

நீலத்தைக் கருமை வென்றதற்குக் காரணம் புதிய விஞ்ஞானத்தைவிட ஒரு ரம்பம். பாளத்தைச் சில்லுகளாக அறுக்க முன்பு எஃகுக் கம்பியின் மேல் உராய்வுத் துகள் கலந்த குழம்பை ஓடவிட்டார்கள். பாளத்தில் பாதிக்கு அருகே தூளாகப் போயிற்று. வைரத் துகள் பதித்த கம்பி வந்ததும் அறுப்பு விரைவாயிற்று; சில்லு மெலிந்தது; கழிவு குறைந்தது. ஒற்றைப்படிகம் இந்தக் கம்பிக்கு நன்றாக இசைந்தது. பல்படிகத்தில் இருந்த கடினத் துகள்கள் கம்பியை அறுத்தன. வைரக் கம்பி விட்டுச்சென்ற வழுவழுப்பான பரப்பில் ஒளியைச் சிக்கவைக்கும் அமில அரிப்பும் சரியாகப் பிடிக்கவில்லை. கூடவே, 1980-களில் கிரீனின் குழு வகுத்த பெர்க் என்னும் பின்புறப் பூச்சு முறை ஆலைகளுக்கு வந்தது. அதன் பயனும் ஒற்றைப்படிகத்துக்கே கூடுதலாகக் கிட்டியது. 2019 வாக்கில் மோனோ முந்தியது. அடுத்த சில ஆண்டுகளில் பாலி உலக உற்பத்தியில் ஒரு சிறு எச்சமாகிவிட்டது.

இந்தியாவின் தேர்வுகள்

உத்தரப் பிரதேசத்தின் சாகிபாபாதில் 1974-இல் அமைந்த சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1977-இல் இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தையும் மறு ஆண்டு முதல் தகட்டையும் செய்தது. 1995-இல் பெங்களூருவில் ஹரீஷ் ஹண்டே தொடங்கிய செல்கோ, இரண்டு விளக்கு, நான்கு விளக்கு அளவிலான வீட்டு அமைப்புகளை வங்கிக் கடனோடு சேர்த்துச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் 2011-இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில், கட்டித் தந்த ஒவ்வொரு 300 சதுர அடி வீட்டுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் சேர்ந்தே வந்தன.

தகட்டு வகையை அறிவியல் அல்லாமல் விதிமுறை தீர்மானித்த ஒரு நிகழ்வும் இங்கே உண்டு. 2010-இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் திட்டத்தின் முதல் கட்டம், படிகச் சிலிக்கன் தகடுகள் இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றது, மென்படலத்துக்கு விலக்களித்தது. உடனே மின்நிலையம் அமைப்போர் பலர் அமெரிக்கக் கடனுதவியோடு வந்த மென்படலத் தகடுகளுக்குத் திரும்பினர். உள்நாட்டு ஆலைகளைக் காக்க வந்த விதி அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வழியும் காட்டிவிட்டது. அந்த விதியையே எதிர்த்து அமெரிக்கா 2013-இல் உலக வணிக அமைப்புக்குச் சென்றது. 2016-இல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக அமைந்தது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியம் என்று வகுக்கப்பட்டது. அதிக அளவு 78,000 ரூபாய். மின்கலமும் தகடும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். அரசு ஒப்புதல் பட்டியலில் இடம்பெறக் கூரைக்கான படிகச் சிலிக்கன் தகடுகள் குறைந்தது 19.5 விழுக்காடு செயல்திறன் பெற்றிருக்க வேண்டும் என்று 2023-இல் வரையறுத்ததால், பாலி தானாகவே வெளியேறிவிட்டது. மானியம் பெறும் வீட்டுக்கு மோனோவா பாலியா என்ற கேள்வியே இல்லை.

இன்றைய வீட்டுக்கு

2024-இல் சீனச் சந்தையில் வாட் ஒன்றின் விலை ஏறத்தாழ 10 அமெரிக்க சென்ட் வரை இறங்கியது. சாப்பின் 14,30,000 டாலர் கணக்கிட்ட அதே ஐந்து கிலோவாட்டுக்குத் தகட்டுச் செலவு மட்டும் 500 டாலர். நம் ஊர்க் கடை விலை இதைவிட அதிகம்தான். ஆயினும் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், கம்பி, கூலி ஆகியவை சேர்ந்து தகட்டின் விலைக்குச் சமமாகவோ மிகுதியாகவோ நிற்கும் நிலை வந்துவிட்டது. எனவே தகட்டில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகத் திறன் குறைந்ததை வாங்குவது இப்போது பொருத்தமற்றது. சட்டமும் கூலியும் இரண்டுக்கும் ஒன்றே.

இடத்தைக் கணக்கிட்டால் வேறுபாடு தெளிவாகும். 21 விழுக்காட்டு மோனோவில் ஒரு கிலோவாட்டுக்குத் தகட்டுப் பரப்பு மட்டும் சுமார் 51 சதுர அடி. 16 விழுக்காட்டுப் பழைய பாலியில் 67. 7 விழுக்காட்டு ஒழுங்கற்ற சிலிக்கனில் 154. தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, தென்னை நிழல் போக எஞ்சும் மாடியில் இது பெரிய வேறுபாடு.

அடுத்தது வெப்பம். ஒட்டுத்தாளில் உள்ள வாட் அளவு 25 பாகை செல்சியஸ் மின்கல வெப்பத்தில் அளந்தது. கோடையில் மொட்டைமாடித் தகட்டின் மின்கலம் 65 பாகைக்கும் ஏறும். ஒவ்வொரு பாகைக்கும் பாலி சுமார் 0.40, பெர்க் மோனோ 0.35, டாப்கான் எனப்படும் என் வகை மோனோ 0.30 விழுக்காடு இழக்கும். 40 பாகை உயர்வுக்கு இழப்பு முறையே 16, 14, 12 விழுக்காடு. ஹெட்டரோஜங்ஷன் வகையில் இழப்பு இன்னும் குறைவு, விலை கூடுதல். வெப்பத்துக்கு மென்படலமே சிறந்தது என்ற பழைய பேச்சு இப்போது பாதி உண்மைதான். என் வகைச் சிலிக்கன் அதற்கு இணையாக வந்துவிட்டது. வெயில் பட்ட முதல் நாள்களில் போரான் கலந்த பி வகையில் ஏற்படும் சிறு இறக்கமும் என் வகையில் இல்லை. தகட்டின் அடியில் அரை அடியாவது காற்றோட இடம் விடுவது எந்த வகைக்கும் நன்மை தரும்.

மின்வாரிய இணைப்பில்லாத மிகச் சிறிய அமைப்புகளில் வேறொரு கவனம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்காக வகுத்த பழைய தகடுகளில் 36 மின்கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் அரை வோல்ட், மொத்தம் 18. வெயிலில் சூடேறி மின்னழுத்தம் இறங்கினாலும் பேட்டரியை ஏற்றத் தேவையான 14 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இன்று மலிவாகக் கிடைக்கும் 540 வாட் தகடு இதற்கு நேரே பொருந்தாது. அதன் மின்னழுத்தம் 40 வோல்ட்டை ஒட்டியது. நீளம் ஏழரை அடி. எடை 27 கிலோவுக்கு மேல். சாதாரண சார்ஜ் கன்ட்ரோலரோடு 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் பாதிக்கு மேல் வீணாகும். எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். அல்லது 36 மின்கலத் தகட்டையே தேட வேண்டும். நூறு வாட்டுக்குக் குறைந்த தகடுகளில் பாலி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. இடம் தாராளமாக இருந்து, ஒட்டுத்தாள் நம்பத்தக்கதாகவும் இருந்தால் அதை ஒதுக்க வேண்டியதில்லை.

ஒட்டுத்தாளில் ஐஇசி 61215, ஐஇசி 61730 என்னும் சோதனை எண்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்றுக்கான ஐஇசி 61701 சான்றும் தேவை. உத்தரவாதம் இரண்டு வகை: பொருளின் பழுதுக்குப் பொதுவாக 10 அல்லது 12 ஆண்டு, திறனுக்கு 25 ஆண்டு. விற்பவர் சொல்லும் 25 பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பெராவ்ஸ்கைட் என்னும் புதிய மென்படலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கலாமா என்ற கேள்வி மாணவர்களிடையே எழுகிறது. 2009-இல் ஜப்பானில் சுதோமு மியாசாகாவின் குழு 3.8 விழுக்காட்டில் தொடங்கியது. சிலிக்கன் மேல் அதை அடுக்கிய தகடுகளை 2024-இல் ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் முதன்முதலாக வணிக முறையில் அனுப்பியது. ஈரத்திலும் வெப்பத்திலும் அது 25 ஆண்டு நிற்கும் என்பதற்கு இன்னும் எந்தக் கூரையும் சாட்சியில்லை.

முன்பே பாலி வைத்த வீடுகளில் இப்போது வரும் கேள்வி விரிவாக்கம். 2014-இல் ஏற்றிய 250 வாட் பாலித் தகடுகளின் வரிசையில் புதிய 540 வாட் மோனோவைத் தொடராகச் சேர்க்கக் கூடாது. தொடர் இணைப்பில் குறைந்த மின்னோட்டமே எல்லாவற்றுக்கும் எல்லையாகிவிடும். புதிய தகடு பழையதன் அளவுக்கு இறங்கிவிடும். இன்வெர்ட்டரில் இரண்டாவது எம்பிபிடி நுழைவு இருந்தால் புதியவற்றைத் தனி வரிசையாக அதில் இணைக்கலாம். இல்லையெனில் புதிய தகடுகளுக்கு மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பழைய நீலத் தகடுகள் ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு வரை இழந்தாலும், அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டிய தேவையில்லை.